சிறு பிள்ளைகளின் கோபமும் வன்னியின் முன்பள்ளிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களுக்கும் சாதாரண தரப் பாட வழிகாட்டல்களுக்கும் எங்கள் தமிழ்ப் பத்திரிகைகள் தாராளமாக இடம் ஒதுக்குகின்றன. அதில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்ட வழியில்லாத பிள்ளைகள் வன்னியில் அந்தப் பக்கங்களை வெட்டி ஒட்டிவைத்துப் படிப்பதை நான் அறிவேன். ஆனால் அந்தப் பரீட்சைக்குப் பல ஆண்டுகள் முன்னதாக, மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில், தனக்கு வருகிற கோபத்தையும் பயத்தையும் ஏமாற்றத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு பிள்ளை பழகும் காலத்தைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. ஆரம்பப் பிரிவில் நீண்டகாலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற வகையிலும், இப்போது அயலிலுள்ள முன்பள்ளிக்கு அவ்வப்போது சென்று உதவுபவள் என்ற வகையிலும், இதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முன்பள்ளி வாசலில் செருப்பைக் கழற்ற மறுத்து நிலத்தில் விழுந்து புரளும் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்து, ‘சரியான குழப்படி’ என்றோ ‘செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டினம்’ என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவது எங்களுக்கு எளிது. உண்மையில் அந்தப் பிள்ளையால் அந்த நேரத்தில் வேறு விதமாக நடந்துகொள்ள முடிவதில்லை. ஆத்திரத்தை அடக்கி, கையை நிறுத்தி, யோசித்து நடக்கச் செய்யும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருப்பது. இளைஞர்களிடமே அரைகுறையாக இருக்கும் ஓர் ஆற்றலை மூன்று வயதில் எதிர்பார்ப்பது நியாயமாகாது. இரண்டு, மூன்று வயதில் இத்தகைய அடம் உச்சத்துக்குப் போவதும், பேச்சு வளர வளர, நாலு வயதுக்குப் பின்னர் படிப்படியாகக் குறைந்துவருவதும் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் பொதுவான வளர்ச்சிப் போக்கேயாகும்.

இந்த அடத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. அமெரிக்க ஆய்வாளர்களான மைக்கேல் பொடேகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் 18 மாதம் முதல் 60 மாதம் வரையான 335 பிள்ளைகளின் அடம்பிடிப்புகளைப் பெற்றோர் விபரித்தவாறு தொகுத்து ஆராய்ந்து 2003 இல் வெளியிட்டார்கள். கத்துவதும் உதைப்பதும் எறிவதுமான கோபம் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டு விரைவில் இறங்கிவிடுகிறது என்றும், விம்மலும் ஆறுதல் தேடுவதும் அதற்குப் பின்னரும் நீடிக்கின்றன என்றும் அவர்கள் கண்டார்கள். அப்படியானால், பிள்ளை கத்தி உதைக்கும் அந்த முதல் ஓரிரு நிமிடத்தில் ‘ஏன் கத்துறாய்?’, ‘என்ன வேணும், சொல்லு பாப்பம்’ என்று நாம் அடுக்கும் கேள்விகள் அதன் காதில் ஏறப்போவதில்லை. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அவை இன்னுமொரு தொந்தரவாகவே போய்ச்சேரும். அந்த நேரத்தில் செய்யக்கூடியது, கல்லும் கதிரையும் படாத இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய், நாமும் நிலத்தில் உட்கார்ந்து, ஒன்றிரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பதுதான். அழுகையின் தொனி மாறி, பிள்ளை மடியைத் தேடத் தொடங்கும்போது அணைத்துக்கொள்ளலாம். பேச வேண்டியதையும் அதற்குப் பிறகு பேசலாம். இதிலே ஆசிரியர்களுக்கு மிகவும் கடினமான பகுதி பேசாமல் இருப்பது. நாங்கள் பேசியே பிழைத்தவர்கள் அல்லவா!

எங்கள் வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கும் இரண்டு பழக்கங்களை இங்கு குறிப்பிட வேண்டும். ஓடிவரும் பிள்ளை தடுக்கி விழுந்து அழுதால், அம்மம்மா ஓடிவந்து, ‘என்ர ராசாவை விழுத்தினது இந்த நிலமோ, நிலத்துக்கு அடி போடுவம்’ என்று நிலத்தில் இரண்டு அடி போடுவார். பிள்ளையும் கண்ணீரோடு சேர்ந்து அடிக்கும், அழுகை நின்றுவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வலித்தால் யாருக்காவது, எதற்காவது அடிக்க வேண்டும் என்ற பாடம் அங்கே செயல்முறையோடு நடந்துமுடிகிறது. பிள்ளைகள் பார்த்துப் பழகும் வேகம் எப்படிப்பட்டது என்பதற்கு உளவியலாளர் அல்பேட் பண்டுரா 1961 இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நேசறிப் பிள்ளைகளை வைத்துச் செய்த பரிசோதனை புகழ்பெற்ற சான்று. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த பிள்ளைகள், பின்னர் அதே பொம்மையைக் கண்டதும், அவர் சொன்ன சொற்களையும் சேர்த்தே சொல்லி அடித்தார்கள். அம்மம்மாவை நான் குறை சொல்லவில்லை. ‘நொந்துபோச்சே, எங்கை நொந்தது, காட்டுங்கோ’ என்று முழங்காலைத் தடவிவிட்டாலும் அழுகை நிற்கும். நோவு என்றால் என்ன என்று பிள்ளைக்கு விளங்கவும் செய்யும்.

மற்றது, பகிடிக்குக் கோபமூட்டுவது. வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்த கிழமையிலேயே அயலாரும் மாமன்மாரும் மூத்ததைச் சுற்றி நின்று, ‘தம்பி வந்திட்டார், இனி அம்மா உன்னைப் பாக்கமாட்டா, உன்னை ஆஸ்பத்திரியிலை குடுத்திட்டுத்தான் தம்பியை வாங்கினது’ என்று சீண்டுவார்கள். பிள்ளையின் முகம் சிவந்து உதடு துடிப்பதைக் கண்டதும் எல்லோரும் சிரிப்பார்கள். பிள்ளை கையிலிருப்பதைத் தூக்கி எறிந்தால் ‘பாருங்கோவன், என்ன கோவம் வருது இவருக்கு’ என்று இன்னும் சிரிப்பார்கள். பொறாமை, பயம், அவமானம் மூன்றையும் ஒரே நேரத்தில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை மேல் இறக்கிவிட்டு, அது பொறுமையாக இல்லை என்று கவலைப்படுவதில் என்ன நியாயம் இருக்கிறது? பச்சைக் குழந்தையைப் பார்க்க வருபவர்கள் சவர்க்காரமும் பவுடரும் கொண்டுவருவதோடு மூத்த பிள்ளையுடன் ஐந்து நிமிடம் இருந்து பேசிவிட்டுப் போவார்களானால் அந்த வீட்டில் பாதி அடம் குறைந்துவிடும் என்பது என் கணிப்பு.

ஆண் பிள்ளை அழுதால் ‘ஆம்பிளைப் பிள்ளை அழுறதே?’ என்கிறோம், பெண் பிள்ளை கோபப்பட்டால் ‘பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு கோவம் கூடாது’ என்கிறோம். விளைவு, அழ வேண்டிய நேரத்தில் பையன் அடிக்கிறான், கோபப்பட வேண்டிய நேரத்தில் சிறுமி வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் வெப்பியாரப்படுகிறாள். இதை வகுப்பறையில் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன்.

வன்னிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இன்று முன்பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் தாய்மாரிலும் தந்தைமாரிலும் பெரும்பாலோர் போர் முடிந்த 2009 இல் தாங்களே பிள்ளைகளாக இருந்தவர்கள். பத்து வயதில் பதுங்குகுழிக்குள் வாய்பொத்தி இருந்தவர்கள், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றவர்கள், உறவுகளை வழியிலே விட்டுவந்தவர்கள் இப்போது பெற்றோராகியிருக்கிறார்கள். வன்னி மக்களுக்கு நேர்ந்ததைத் தனித்தனி ஆட்களின் நோயாக மட்டும் எண்ணாமல், குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்து உடைத்த கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் எழுதினார். அந்த உடைவு போர் முடிந்த கையோடு முடிந்துவிடவில்லை. திடீரென்று எழும் பிள்ளையின் அலறலைக் கேட்டதும் சில தாய்மாருக்கு நெஞ்சு படபடத்து, எப்படியாவது இந்தச் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற அந்தரம் வருகிறது. அவர்களுடைய சிறுவயதில் சத்தம் போடாதிருப்பது உயிர் தப்பும் வழியாக இருந்தது. ஆகவேதான், ‘சத்தம் போடாதை, ஆமி வருது’ என்று மூன்று வயதுப் பிள்ளையை வெருட்டும் குரலை இன்றும் எங்கள் ஒழுங்கைகளில் கேட்க முடிகிறது. அதைச் சொல்பவரைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும், தான் பட்ட பயத்தைப் பிள்ளைக்கும் ஊட்டுவதால் பிள்ளையின் கோபம் தீர்வதில்லை. அது அமுங்கிப்போய் இரவில் திடுக்கிட்டு எழுந்து அழுவதாகவோ, தம்பி தங்கையைக் கிள்ளுவதாகவோ வெளிவருகிறது.

இவற்றோடு விடியற்புறம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறும் தாய், கூலி வேலை தேடித் தூர இடம் போன தந்தை, கிழமைக்கு ஒருமுறை படலையில் வந்து நிற்கும் நுண்கடன்காரர் என்று பெரியவர்களின் பாரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெய்யிலிலும் பசியிலும் வாடிய பிள்ளைக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்பது சின்ன விடயமாகத் தோன்றலாம். எனினும் பத்தரை மணிக்கு அவித்த பயறோ இலைக்கஞ்சியோ கிடைக்கும் முன்பள்ளிக்கும் கிடைக்காத முன்பள்ளிக்கும் பதினொரு மணிக்கு எழும் சத்தத்தில் உள்ள வித்தியாசத்தை ஆசிரியைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

அடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று அறிவித்துள்ளது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமான நடத்துகையையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரையை மீறும் செயல் என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பிறகும் ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லி, ‘ரீச்சர், ரெண்டு போடு போட்டாவது எழுதப் பழக்குங்கோ’ என்று பெற்றோரே கேட்கிறார்கள். எலிசபெத் கேர்ஷோவும் அன்ட்ரூ குரோகன் கெய்லரும் 75 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 160,000 பிள்ளைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2016 இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: பிட்டத்தில் தட்டுவது போன்ற, சாதாரணம் என்று கருதப்படும் அடிகூட, கூடுதலான மூர்க்கத்தோடும் கூடுதலான உளச் சிக்கலோடுமே தொடர்புற்றிருந்தது. கோபத்தில் கடித்த பிள்ளைக்குக் கோபத்தோடு அடிப்பவர், எந்தக் கோபம் கூடும், எந்தக் கோபம் கூடாது என்பதைப் பிள்ளைக்கு எப்படி விளக்கப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கைபேசியைக் கையில் கொடுத்து அழுகையை நிறுத்துவது அடியை விட மேல் என்று வாதிடுவோர் உண்டு. மேல்தான், ஆனால் தானாக ஆறிப் பழகும் வாய்ப்பைப் பிள்ளை அங்கும் இழந்துவிடுகிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நான் போய்வரும் முன்பள்ளியில் ஆசிரியை ஒருவர் செய்வதைச் சொல்கிறேன். காலையில் பிள்ளைகள் வந்ததும், மட்டையில் அவர் வரைந்து ஒட்டியிருக்கும் நான்கு முகங்களுக்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும்: சந்தோசம், கவலை, கோபம், பயம். ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் சந்தோச முகத்துக்கே வைத்தார்களாம். பின்னர் மெல்ல மெல்ல மாறியது. ஒருநாள் காலையிலிருந்தே மற்றப் பிள்ளைகள் அடுக்கிய கட்டைகளைத் தட்டி விழுத்திக்கொண்டிருந்த ஒரு பையனின் கொட்டை கவலை முகத்துக்கு முன்னால் இருந்தது. ஆசிரியை பக்கத்தில் இருத்திக் கேட்டபோது, ‘ஆட்டுக்குட்டியை வித்துப்போட்டினம்’ என்றான். அன்று அவனைத் தண்டித்திருந்தால் அந்த ஆட்டுக்குட்டியின் கதை எவருக்கும் தெரிந்திராது. மனத்தில் உள்ளதைச் சொல்லால் வெளியிடும்போது மூளையில் பயத்தையும் ஆத்திரத்தையும் கிளப்பும் பகுதியின் வேகம் தணிகிறது என்று மத்தியூ லீபர்மனும் சகாக்களும் 2007 இல் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில் காட்டினார்கள். பெரியவர்களுக்கே இந்த உதவி வேண்டுமென்றால், இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொற்களை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அதே முன்பள்ளியில் இருப்பது ஒரேயொரு மூன்று சில்லுச் சைக்கிள். அதற்காக ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் முன்கையைப் பல் பதியக் கடித்துவிட்டது. ஆசிரியை முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக் கையைக் கழுவிவிட்டார். பிறகு கடித்த பிள்ளையின் அருகில் குந்தி, ‘உங்களுக்குச் சைக்கிள் வேணும்போலை இருந்தது. அவ தரேல்லை எண்டு கோவம் வந்தது. கோவம் வரலாம். கடிக்கேலாது’ என்றார். அவ்வளவுதான். நான்கு சிறிய வாக்கியங்கள். அவற்றில் கோபத்துக்கு இடம் உண்டு, கடிக்கு இடம் இல்லை. ‘சொறி’ சொல்லும்படி வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஈரத்துணியைக் கொடுத்து ‘அவவின்ர கைக்கு வைச்சு விடுவமா?’ என்று கேட்டபோது கடித்த பிள்ளையே போய் வைத்துவிட்டது. வாயால் ஒப்புவிக்கும் மன்னிப்பை விட இது பயன் தரும் என்று நான் நினைக்கிறேன்.

கோபம் தணிக்கும் பயிற்சியைக் கோபம் வராத நேரத்தில் பழக்க வேண்டும். தென்னோலைக் காற்றாடி ஒன்றைக் கையில் கொடுத்து, நிற்காமல் மெதுவாகச் சுற்றும்படி ஊதச் சொன்னால் பிள்ளை தானாகவே நீண்ட மூச்சு விடுகிறது. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது நெஞ்சுத் துடிப்பும் தணியும். தினமும் விளையாட்டாகப் பழகிய பிள்ளைக்கு, கை பொத்தி முகம் சிவக்கும்போது ‘காத்தாடி ஊதுவமா?’ என்று நினைவூட்டினால் போதும். மாறாக, ‘தலகணிக்குக் குத்திக் கோபத்தைத் தீர்க்கட்டும்’ என்று சில இடங்களில் அறிவுரை சொல்லப்படுகிறது. இதை நான் ஏற்கமாட்டேன். பிராட் புஷ்மன் 2002 இல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய பரிசோதனையில், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இதையெல்லாம் முன்பள்ளி ஆசிரியை எந்த நேரத்தில் செய்வது? மாதக் கொடுப்பனவாக அவருக்குக் கிடைப்பது ஒரு குடும்பத்தின் அரிசிச் செலவுக்கே போதாது. இருபது இருபத்தைந்து பிள்ளைகளைத் தனியொருவராகப் பார்க்கும் இடங்களும் உண்டு. பெற்றோரோ, பிள்ளையின் கொப்பியில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை எழுதியிருக்கிறதா, ஆங்கிலப் பாட்டுப் பாடுகிறதா என்பதைக் கொண்டே முன்பள்ளியை மதிக்கிறார்கள். பென்சிலைப் பிடிக்க விரலில் வலுவில்லாத பிள்ளையை எழுத இருத்தினால் வருவதும் கோபம்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. என்னிடம் முதலாம் தரத்துக்கு வந்த பிள்ளைகளில், எழுத்துத் தெரியாமல் வந்தவர்கள் ஓரிரு தவணையில் பிடித்துக்கொண்டார்கள். தோற்றால் தாங்கவும் தன் முறை வரும்வரை காத்திருக்கவும் பழகாமல் வந்தவர்களே மூன்றாம் தரம் வரையும் தடுமாறினார்கள்.

எல்லாக் கோபமும் வீட்டிலும் முன்பள்ளியிலும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐந்து வயதுக்குப் பின்னரும் நாளுக்குப் பலமுறை நீண்ட நேரம் கட்டுக்கடங்காமல் போகும் பிள்ளை, தன் தலையைத் தானே மோதிக்கொள்ளும் பிள்ளை, பேச்சுப் பிந்திய பிள்ளை ஆகியோரை வைத்தியரிடம் காட்ட வேண்டும். காது சரியாகக் கேளாததாலும் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாததாலும் வரும் கோபத்தை அடமென்று நினைத்து ஆண்டுக்கணக்கில் விட்டுவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். நிறை பார்க்கும் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னாலே வழிகாட்டுவார். தேசிய உளநல உதவிச் சேவையை 1926 என்ற இலக்கத்திலும், பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகித்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம்.

துணுக்காய், முல்லைத்தீவு, மடு, வவுனியா வடக்கு உட்பட வன்னியின் கல்வி வலயங்களுக்கும் மாகாணக் கல்வி அமைச்சுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக நான் முன்வைக்கும் வேண்டுகோள் பெரிய செலவுக்குரியது அன்று. முன்பள்ளி ஆசிரியைகளுக்கு நடத்தும் பயிற்சிகளில், கலை நிகழ்ச்சிக்கும் கற்பித்தல் உபகரணங்களுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் உணர்வுகளைக் கையாளும் செயல்முறைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். அதை மேடைப் பேச்சாக நடத்தாமல், அடம் பிடிக்கும் பிள்ளையோடு என்ன சொல்வது, என்ன சொல்லாமல் விடுவது என்று நடித்துக் காட்டிப் பழக்குங்கள். பிள்ளைகள் கூடுதலாக உள்ள முன்பள்ளிகளுக்கு இரண்டாவது ஆளாக ஓர் உதவியாளரை நியமியுங்கள். கிளினிக் நாளில் தாய்மார் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் போசாக்கைப் பற்றிப் பேசுவதுபோல இதைப் பற்றியும் பேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஒழுங்குசெய்யட்டும். அந்த வரிசைக்குத் தந்தைமாரையும் அழைத்தால் மிக நல்லது.

உங்களிடம் கேட்பது, வினாத்தாள் வரும் பக்கத்தின் ஓரத்தில் கிழமைக்கு ஒரு சிறு பத்தி. உளவளத்துணையாளர்களும் அனுபவமுள்ள முன்பள்ளி ஆசிரியைகளும் பெற்றோரின் கேள்விகளுக்குப் பெயர் குறிப்பிடாமல் அதில் பதில் எழுதலாம். முதல் கேள்விகளை எங்கள் பகுதித் தாய்மாரிடம் கேட்டு எழுதி அனுப்பும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
விசுவமடு.